அரசு மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கச் சபையின் அனுமதி தேவையா?

அன்புள்ள சகோதரருக்கு, தேர்தல் பூசலாலும் வழக்குகளாலும் உங்கள் சபையின் பேச்சுக்கு ஊரில் மதிப்புக் குறைந்துவிட்ட நிலையில், குருப்பட்டம் பெறாத நீங்கள் தனியாக நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். விசுவாசிகள் அனைவரையும் 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்றே பேதுருவின் முதல் நிருபம் அழைக்கிறது.

நீங்கள் இருக்கும் பாளையங்கோட்டையிலேயே, 1778இல் ஞானஸ்நானம் பெற்ற பிராமணப் பெண்ணான குளோரிந்தா அம்மையார் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. அங்கு ஊழியம் செய்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றதோ 1790இல்தான். 'பாப்பாத்தியம்மாள் கோவில்' என்று ஊரார் இன்றும் சொல்வது அந்த அம்மையாரை வைத்துத்தான், ஆயர் எவரின் பெயரையும் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆயினும் திருவிருந்து கொடுப்பதை ஆயரிடமே விட்டுவிடுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் ஒழுங்கு அதுவே. வார்டுக்குள் நுழையுமுன் செவிலியரிடம் சொல்லிவிட்டு, பத்து நிமிடங்களுக்கு மேல் தங்காமல், நோயாளி விரும்பினால் மட்டும் ஜெபியுங்கள்; பிற சமயத்தவரிடம் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். நான் சென்ற முதல் நாளில், வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்பே பக்கத்துக் கட்டில் பாட்டி பிளாஸ்கை நீட்டி வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். அன்றைய ஊழியம் பெரும்பாலும் அந்த வரிசையில் நின்றதுதான். யாராவது காணிக்கை கொடுத்தால் வாங்காதீர்கள், பூசலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.