பட்டா நிலத்தில் சிறுத்தைக்குச் சுருக்கு வைக்கலாமா?

கேள்வி: கூடலூர் தாலுகாவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் காப்பியும் இருக்கிறது. பட்டா நிலம்தான். ஆடு வளர்க்கிறோம். இந்த வருடம் மூன்று ஆடுகளையும் ஒரு கன்றுக்குட்டியையும் சிறுத்தை அடித்துவிட்டது. வனத்துறையிடம் சொன்னோம், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். என் அண்ணன் மகன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் விசையில் காலைப் பிடிக்கும் சுருக்கு ஒன்றை ஆன்லைனில் வாங்கி வந்திருக்கிறான். காலை மட்டும்தான் இறுக்கும், உயிர் போகாது என்கிறான். கழுத்துச் சுருக்கு, பல் வைத்த இரும்புப் பொறி, இந்தக் கால் சுருக்கு, இவற்றில் எதை எங்கே வைத்தால் சட்டச் சிக்கல் வராது? சிக்கினால் வனத்துறையிடமே ஒப்படைத்துவிடுவோம். யாராவது கேட்டால் காட்டுப்பன்றிக்கு வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: மூன்றில் எதையும் வைக்கக் கூடாது. எங்கேயும் வைக்கக் கூடாது.

வேட்டை என்றால் துப்பாக்கியால் சுட்டுக் கொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 அப்படிச் சொல்லவில்லை. அதன் 2(16) பிரிவின்படி கொல்வதும் வேட்டை. கண்ணி, பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டை. இரை வைத்து வரவழைப்பதும் வேட்டை. இவற்றில் எதற்கான முயற்சியும் வேட்டைதான். ஆகவே சிறுத்தை சிக்கினால்தான் குற்றம் என்று இருக்காதீர்கள். நீங்கள் கம்பியை மரத்தில் கட்டி, ஸ்பிரிங்கை விசையேற்றி, மேலே சருகு தூவிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதே குற்றம் நடந்து முடிந்துவிட்டது. அதே சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் துப்பாக்கி, விஷம் ஆகியவற்றோடு கண்ணியும் பொறியும் வருகின்றன. பல் உள்ள பொறி, பல் இல்லாத பொறி என்ற வித்தியாசமெல்லாம் அங்கே கிடையாது.

உங்கள் அண்ணன் மகன் பார்த்த வீடியோக்கள் அநேகமாக அமெரிக்காவில் எடுத்தவையாக இருக்கும். அங்கே பல மாநிலங்களில் உரிமம் வாங்கி, அனுமதித்த பருவத்தில் மட்டும் பொறி வைத்துப் பிடிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஸ்பிரிங் கால் சுருக்கு கரடி பிடிக்க அங்கே உருவான கருவி. ரேடியோ காலர் மாட்டும் ஆராய்ச்சியாளர்களும் அதைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அவர்கள் மயக்க மருந்தோடு கால்நடை மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிருகம் சிக்கிய உடனே தகவல் வர ஏற்பாடு செய்துகொண்டு இறங்குகிறார்கள். இந்தியாவில் அந்த ஆராய்ச்சிக்கே 12-ஆம் பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதல் அட்டவணை விலங்கு, அதாவது சட்டம் மிகக் கடுமையாகப் பாதுகாக்கும் பட்டியலில் உள்ள விலங்கு என்றால், மத்திய அரசும் முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கிற சுருக்கில் சிக்கிய சிறுத்தை ராத்திரி முழுக்க இழுத்துப் போராடும். கம்பி சதையை அறுக்கும், இரும்பைக் கடித்துப் பல் உடையும். பிழைத்துத் தப்பித்தாலும், நொண்டும் சிறுத்தையால் மானைத் துரத்த முடியாது. கட்டிப்போட்ட ஆடு அதற்குச் சுலபம்.

பட்டா நிலம் என்கிறீர்கள். கூடலூரில் பட்டா கையில் இருப்பதே பெரிய விஷயம். இங்குள்ள நில உரிமை பற்றிய ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுச் சிக்கலில் தலைமுறையாக அலைகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் பட்டா உதவாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டைக்கு விதிக்கும் தடை, எந்த இடம் என்று பார்ப்பதில்லை. இதையே காப்புக்காட்டுக்குள் வைத்தால் 1882-ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

தண்டனைக்கு வருகிறேன். சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'குறைந்தது' என்ற சொல்தான் இங்கே முக்கியம். மற்ற சில வன வழக்குகளில் இணக்கக் கட்டணம் கட்டி வெளியே வர 54-ஆம் பிரிவில் வழி உண்டு. குறைந்தபட்ச சிறைத் தண்டனை விதித்திருக்கும் குற்றத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. "ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள்.

மாட்டப்போவது அண்ணன் மகன் மட்டுமல்ல. 52-ஆம் பிரிவின்படி உடந்தையாக இருந்தவரும் குற்றம் செய்தவரே. நிலம் உங்களுடையது, ஆடு உங்களுடையது, எங்கே வைக்கலாம் என்று கேட்டதும் நீங்கள். பொறியையும், அதைக் கொண்டுபோன வண்டியையும் பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது. 2022-ல் தேனி மாவட்டத்தில் ஒரு தோட்டத்து வேலியில் சிக்கிச் சிறுத்தை இறந்தபோது, அங்கே ஆட்டுக் கிடை போட்டிருந்தவரும் கைதானார், தோட்ட மேலாளர்களும் கைதானார்கள்.

"பன்றிக்கு வைத்தது" என்ற பதில் நீலகிரியில் வனச்சரக அலுவலகம் ஒவ்வொன்றிலும் கேட்டுச் சலித்த பதில். தேயிலைத் தோட்டங்களில் கிளட்ச் வயர் சுருக்கில் சிறுத்தை மாட்டும்போதெல்லாம் இதே கதைதான் வரும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சட்டப்படி அது தற்காப்பு வாதமே அல்ல, ஒப்புதல் வாக்குமூலம். காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பொறி வைத்துப் பிடிப்பதும் குற்றம்தான், 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பன்றிகளைச் சுட அனுமதித்தது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அது காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும். சுடுவதும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. எது சிக்கியதோ அதற்கான பிரிவில்தான் வழக்குப் பதிவாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியதாகப் படுகிறது. 11(2) பிரிவு ஒரு நல்ல பாதுகாப்பைத் தருகிறது: உங்களையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு வன விலங்கைக் காயப்படுத்தினாலும் கொன்றாலும் குற்றமில்லை. மாட்டுக் கொட்டகைக்குள் பாய்ந்த சிறுத்தையை அரிவாளால் வெட்டியவருக்கு இந்தப் பிரிவு நிற்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் நீங்கள் இந்தச் சட்டத்தை மீறிய காரியம் எதிலும் ஈடுபட்டிருக்கக் கூடாது. இப்போது யோசித்துப் பாருங்கள். சுருக்கில் சிக்கிய சிறுத்தை கம்பியை அறுத்துக்கொண்டு உங்கள் பையன் மேல் பாய்கிறது, நீங்கள் அடிக்கிறீர்கள், அது சாகிறது. பொறி இல்லாமல் இதே சம்பவம் நடந்திருந்தால் வழக்கே நிற்காது. பொறி வைத்ததால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறீர்கள்.

அப்புறம், தேயிலைக் காட்டில் விடியற்காலையில் நடப்பது சிறுத்தை மட்டுமல்ல. கொழுந்து பறிக்க வரும் பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குறுக்கு வழியாக வருவார்கள். அவர்களில் ஒருவர் கால் போனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் வழக்கு, உயிரே போனால் குறைந்தபட்சம் 106-ஆம் பிரிவில் வழக்கு. அடுத்த வீட்டு மாடு சிக்கினால் அதற்கும் புகார் வரும், நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கும் வரும்.

பிடித்து ஒப்படைக்கிறோம் என்பது நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். பிடிக்கிற அதிகாரம் வட்டார வனச்சரகருக்கே கிடையாது, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் மனித உயிருக்கு ஆபத்தாக மாறியிருக்க வேண்டும், அல்லது மீள முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ இருக்க வேண்டும். ஆடு அடித்தது அந்த வரையறைக்குள் வராது. இது உங்களுக்குக் கசக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 2021-ல் உங்கள் பக்கத்திலேயே டி23 புலி ஆட்களைக் கொன்றதாகச் சொல்லி வேட்டையாட உத்தரவு வந்தபோதுகூட, உடனே கொல்லக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15-ஆம் தேதி மசினகுடி அருகே உயிரோடுதான் பிடித்தார்கள். 2024 ஜனவரியில் பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்ற பிறகு, மயக்க ஊசி போட்டுப் பிடித்தது வனத்துறை. ஊரே கொதித்துப் போயிருந்த நேரத்திலும் நடைமுறை அதுதான்.

சரி, ஆட்டுக்கு என்ன வழி? "வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்" என்கிறீர்கள். எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா? வாய்ச் சொல்லுக்கு ரசீது கிடையாது. கால்நடையை வன விலங்கு அடித்தால் அரசு இழப்பீடு தருகிறது. அது கோர்ட்டில் சண்டை போட்டு வாங்கும் உரிமையைவிட, ஆவணம் சரியாக இருந்தால் கிடைக்கும் தொகை. அடிபட்ட உடலை நகர்த்தாமல், புதைக்காமல், கால்தடத்தோடு போட்டோ எடுங்கள். அன்றைக்கே வனக்காப்பாளருக்குத் தகவல் சொல்லுங்கள். அரசுக் கால்நடை மருத்துவரின் சான்று, ஆடு உங்களுடையது என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று இரண்டையும் சேர்த்து வனச்சரகரிடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பழைய மூன்று ஆடுகளுக்கும் போட்டோ, சாட்சி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

அதே மனுவில் கண்காணிப்புக் கேமரா வைக்கவும், இரவு ரோந்து வரவும், நிலைமை முற்றினால் கூண்டு வைக்கப் பரிந்துரைக்கவும் கேளுங்கள். கூடலூர் வனக்கோட்ட மாவட்ட வன அலுவலருக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் நகல் போகட்டும். நான்கைந்து வாரத்தில் அசைவில்லை என்றால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தனியாகப் போகாமல் பாதிக்கப்பட்ட அண்டை வீட்டாரோடு சேர்ந்து போனால் செலவும் குறையும், கனமும் கூடும். கூண்டு வைத்துக் கொண்டுபோய் விட்டால் எல்லாம் தீரும் என்று மட்டும் நம்பாதீர்கள். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் விட்ட பிறகு மனிதர்கள் மேலான தாக்குதல் கூடியதை வன உயிரின ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் ஆய்வு காட்டியது.

கொட்டகைக்கு நான்கு பக்கமும் மேலேயும் கெட்டியான கம்பி வலை அடியுங்கள். கூரையைத் திறந்து விட்டால் சுவர் எவ்வளவு உயரம் இருந்தும் பயனில்லை. சுற்றியுள்ள உண்ணிப் புதரை வெட்டுங்கள். இறைச்சிக் கழிவைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். சோலார் வேலி போடுவதானால் 2023-ஆம் வருட மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அதில் மனிதனும் சாவான்.

கடைசியாக, வாங்கி வந்த சுருக்கு. வீட்டில் இருப்பதை மட்டும் தனிக் குற்றமாகச் சட்டம் எழுதவில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் எல்லையில் ஒரு சிறுத்தை எதில் சிக்கி இறந்தாலும், அதிகாரிகள் முதலில் தட்டுவது உங்கள் கதவாக இருக்கும். ஆர்டரை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிட்டு, அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எழுதிய பிறகு ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால் இன்றே எடுங்கள். ஏதாவது சிக்கியிருந்தால் கிட்டே போகாமல், ஆட்களையும் போகவிடாமல், உடனே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அதன் பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டால் வக்கீலைக் கலந்துகொண்ட பின் வாய் திறவுங்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் இது அப்படி அல்ல. உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி 50(8) பிரிவின்படி குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்கலாம். "பன்றிக்குத்தான் சார் வைத்தோம்" என்று உங்கள் அண்ணன் மகன் அங்கே பதறிச் சொல்லிவிட்டால், பிறகு நான் வந்து வாதாட அதிகம் மிச்சமிருக்காது.