கிட்டை விடுங்கள், சட்டையைக் கவனியுங்கள்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கஞ்சா பழகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது. பையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் கிடந்தது. மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பறக்கிறான். தலைமுடியைக் கண்டபடி வெட்டுகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். இந்த வெயிலிலும் வீட்டுக்குள் முழுக்கைச் சட்டைதான். உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். "நாங்கெல்லாம் தாங்கலையா?" என்கிறார் அவன் அப்பா. ஆன்லைனில் சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கியிருக்கிறேன். என் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. அது உங்களுக்கு எழுதிய மாத்திரை. கிட்டையும் பிரிக்காதீர்கள், பையன் உங்களை நம்புவது போவதுதான் மிச்சம். முடியும் கதவும் 16 வயதின் லட்சணம்.

கஞ்சா என்று ஆரம்பித்தீர்கள். எனக்கு உறுத்துவது அந்தச் சட்டையும் மட்டையும்தான். உங்களுக்கும் உறுத்தாமலா எழுதினீர்கள்? கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் அதை முழுக்கைக்குள் மறைப்பதுண்டு. ஆசைப்பொருளைத் தூக்கிக் கொடுப்பது சாக நினைப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம், அதைத் தள்ளிப்போட்டுப் பார்க்க முடியாது.

இன்றே கேளுங்கள். எதிரே நிறுத்தி விசாரணை வேண்டாம். ராத்திரி தோசை வார்த்துப் போடும்போது கேளுங்கள். "கையில ஏதாச்சும் பண்ணிக்கிறியா கண்ணு? செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்பது வீண் பயம். ஆமாம் என்றால் அழுது கூட்டம் கூட்டாதீர்கள், அடிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். மாத்திரை, எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்று மழுப்பினாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 108.

கூல் லிப் புகையிலைதான், நிகோடின் பிடித்துக்கொள்ளும். அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள், நிறுத்த வழி உண்டு. மனம் கனத்த பிள்ளை போதையிலும் வேகத்திலும் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பைக் சாவியை மாமா ஒளித்து வைக்கட்டும். 18 வயது ஆகாதவர் ஓட்டினால், 2019 சட்டத்திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு ஒன்று: தாங்கும் சக்தி அதட்டி வருவதில்லை. மார்க் குறைந்த அன்றும் "சாப்பிடு சாமி, பாத்துக்கலாம்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் வரும். மருத்துவமனைக்கு அவரும் வரட்டும். காத்திருக்கும் பெஞ்சில் பையனை ஒட்டி அவரே உட்காரட்டும், செல்போனை எடுக்காமல்.