பழனி பஸ்ஸில் ஒரு ‘ப’

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் பாட்டுப் போலச் சொல்வாள். ஒரு எழுத்தைத் தனியாகக் காட்டிக் கேட்டால் விழிக்கிறாள். எழுத உட்கார வைத்தால் பென்சிலை எறிந்துவிட்டு அழுகிறாள். அடம், இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். ஒன்றரை வயதில் ஒரு பையனும் இருக்கிறான். விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அடி மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் மகள் செய்வது அடமும் இல்லை. அவள் மனப்பாடம் செய்திருப்பது ஒரு பாட்டை. பாட்டின் நடுவிலிருந்து ஒரு சொல்லைப் பிய்த்துக் காட்டினால் நமக்கே சட்டென்று பிடிபடாது. பென்சில் பிடிக்கும் விரலுக்கும் இன்னும் பலம் வரவில்லை. கடலை உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும். விரல் தானாகத் தேறும்.

247 எழுத்து என்று மலைக்காதீர்கள். ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருபது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எப்போதும் ‘அ’வில் தொடங்க மாட்டேன். அதில் சுழி, வளைவு, கோடு என்று எத்தனை வேலை! ‘ப’ அப்படியில்லை. இறங்கு, நட, ஏறு. கையெடுக்காமல் மூன்றே கோடு. ஒலியும் உதட்டிலேயே பிறக்கிறது, குழந்தை கண்ணால் பார்க்கலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் எழுத்தைக் காட்டவே வேண்டாம், காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள். நீங்கள் காய் நறுக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, “பழம், பல்லி, கத்தி, பட்டம்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ‘ப’ வந்தால் கை தட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று உதடு ஒட்டிப் பிரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே நிற்பாள். இங்கே இரண்டு விஷயம் கவனம். எழுத்தை ‘பானா’ என்று சொல்லாதீர்கள், ‘ப’ என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். ‘பானா, டானா’ என்று பழகிய பிள்ளை பின்னால் ‘படம்’ என்று சேர்த்து வாசிக்கத் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பஸ், பலூன் போன்ற சொற்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எழுத்து அதேதான், ஆனால் நாம் சொல்லும்போது ஒலி அழுத்தமாக மாறிவிடுகிறது. பால், பூ, பேனாவும் அப்புறம். பல், பணம், பச்சை என்று குறிலாகவே இருக்கட்டும்.

அப்புறம் உருவம். காலையில் கோலம் போட்டு முடித்ததும், பக்கத்தில் இரண்டடி உயரத்துக்கு ஒரு ‘ப’ போடுங்கள். மேலே திறந்த பெட்டி மாதிரி இருக்கும். இடது மேல் முனையில் அவளை நிறுத்தி, “இறங்கு, நட, ஏறு” என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் கோட்டின் மேலேயே நடக்கட்டும். நடந்த பிறகு அதே கோட்டில் புளியங்கொட்டை அடுக்கலாம். தம்பி தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், ஒன்றரை வயதுக்கு எல்லாமே வாய்க்கும் மூக்குக்கும்தான். மத்தியானம் வெயில் விழும் சுவரில், ஒரு டம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிப்பதற்குள் காய்ந்து மறையும். மறைந்ததும் மறுபடி எழுதுவாள், நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை ஏன் ஒரு நாளோடு விடுகிறோம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒரு தாம்பாளமும் கொஞ்சம் பச்சரிசியும் போதும். மாமியாரையே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். பாட்டி மடியில் உட்கார்ந்து எழுதினால் அழுகை வராது.

என் வகுப்பில் ஒரு பையன் பேசவே மாட்டான். ஒரு நாள் சாயங்காலம் தரை கழுவுவதற்காகப் பெஞ்சுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தோம். அவன் என் சேலையைப் பிடித்து இழுத்து, கால்கள் மேலே தூக்கி நின்ற ஒரு பெஞ்சைக் காட்டி, “டீச்சர், ப” என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் எழுத்து. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகளும் இப்படித் தேட ஆரம்பிப்பாள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸுக்குப் பஞ்சமா? பலகையைப் பார்த்ததும் “ப” என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பட்டிவீரன்பட்டி பஸ் வந்தால் இரண்டு ‘ப’, அதற்கு இரண்டு தரம் கத்தலாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவள் “இன்னும் கொஞ்சம்” என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். ‘ய’வையும் ‘ம’வையும் அதே வாரத்தில் காட்டாதீர்கள், மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்து குழம்பும். பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் டீச்சரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இரண்டு மாதத்துக்கு நோட்டுக்குப் பதில் சிலேட்டில் பெரிதாக ஐந்து எழுத்து எழுதட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

‘ப’ நன்றாகப் பழகியதும், அதன் வலது கோட்டை உள்ளங்கையால் மூடிக் காட்டுங்கள். ‘ட’ வந்துவிட்டது. சில நாள் கழித்து ‘ம’, அதன் தலையில் புள்ளி. பிறகு மூன்று அட்டையில் ப, ட, ம் என்று எழுதி வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் காத்திருங்கள். அன்றைக்கு மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும்.