இறங்கியிருப்பது இமையா, புருவமா?

கேள்வி: எனக்கு வயது 54. சில ஆண்டுகளாக மேல் இமைத் தோல் மடிந்து கண் மீது சரிகிறது. கீழ் இமையும் பை போல உப்பியிருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார்கள். இமை அறுவை சிகிச்சை செய்துகொண்டால் இளமைத் தோற்றம் திரும்புமா? இந்த வயதில் இது வீண் ஆசை என்கிறார் என் கணவர்.

பதில்: வீண் ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். நலமாக இருப்பவரை நோயாளி போல முகம் காட்டிக்கொண்டே இருந்தால் மனம் சோர்வது இயல்புதான். ஆனால், கத்தி வைக்கும் முன் எது இறங்கியிருக்கிறது என்பதைத் தெளிவாக அறிய வேண்டும்.

கண்ணாடி முன் நின்று, நெற்றியைத் தளர்த்தி, புருவத்தை விரலால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். மடிப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டால், இறங்கியிருப்பது புருவம். அந்த நிலையில் இமைத் தோலை மட்டும் வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும். தோல் சரியாக இருந்தும் இமையின் ஓரமே கருவிழியை மறைத்தால், இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறது. அதற்கான சிகிச்சை வேறு. காலையில் சரியாக இருந்து மாலையில் இறங்கும் இமை தசைக்களைப்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம். திடீரென ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்மையிலேயே தோல்தான் மிகுதி என்றால், பிளெஃபரோபிளாஸ்டி எனப்படும் இமை அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். மேல் இமையில், கண் திறக்கும்போது விழும் இயற்கையான மடிப்பிலேயே கீறுவதால் தழும்பு நாளடைவில் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும். கீழ் இமைப் பை, கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு முன்னே பிதுங்குவதால் உண்டாவது; அதை இமையின் உட்புறம் வழியாகவே, வெளியே தழும்பில்லாமல் சரிசெய்ய முடியும். கண்ணோரச் சுருக்கங்களையும் கருவளையத்தையும் இந்தச் சிகிச்சை போக்காது. களைப்பு நீங்கிய முகம் கிடைக்கும். முப்பது வயது முகம் கிடைக்காது.

நான் மிகவும் அஞ்சுவது அதிகமாக வெட்டிவிடுவதைத்தான். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது. புருவத்துக்கும் இமை ஓரத்துக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. அது குறைந்தால் தூக்கத்திலும் கண் முழுதாக மூடாது. கருவிழி உலர்ந்து புண்ணாகும். எடுத்த தோலைத் திரும்ப வைப்பது எளிதல்ல. ஆகவே, கண் எரிச்சல், உறுத்தல், தைராய்டு கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளையும் தெரிவியுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

தையல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். கன்றிய நிறமும் வீக்கமும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடியும். அறுவைக்குப் பின் கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்; கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவது அரிதுதான் என்றாலும் பார்வையையே பறித்துவிடக்கூடியது.

இமை அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்கள். போகும்போது பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் புகைப்படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; எது மாறியிருக்கிறது, எது பிறவியிலேயே அப்படி என்பதை அதில்தான் இருவரும் சேர்ந்து பார்க்க முடியும். உங்கள் கணவரையும் உடன் அழைத்துப் போங்கள்.