நிறம், இடைவெளி, பிரேக்பாயின்ட்: சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் ஒரே மூலம் வைப்பது எப்படி?

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ், அதன் செயல்பாட்டை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டுக்கும் பொதுவானவை நிறமும் இடைவெளியும் மட்டும் என்றால், ரூட்டில் (பக்கத்தின் உச்ச எலிமென்ட்டில்) எழுதும் சிஎஸ்எஸ் கஸ்டம் ப்ராப்பர்ட்டிகளே, அதாவது நாமே பெயரிட்டு வைக்கும் மதிப்புகளே போதும். ஜாவாஸ்கிரிப்டில் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் (getComputedStyle) என்ற ஃபங்ஷன் வழியாக அவற்றை வாசிக்கலாம். கிடைப்பது எண் அல்ல, எழுத்துச் சரம். முன்னால் வெற்றிடம் ஒட்டியிருக்கலாம், அதனால் ட்ரிம் செய்து வெற்றிடத்தை நீக்கிய பிறகே ஒப்பிடுங்கள். மதிப்பில் கால்க் (சிஎஸ்எஸ்ஸில் கணக்குப் போடும் calc) இருந்தால் கணக்கிட்ட விடை வராது, எழுதிய கால்க் கோவையே திரும்பி வரும். பிக்சலில் வேண்டுமென்றால் அந்தக் கஸ்டம் ப்ராப்பர்ட்டியின் பெயரை அட்-ப்ராப்பர்ட்டி (@property) விதியில் நீள வகையாகப் பதிவு செய்ய வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது பிரேக்பாயின்ட்டில்தான், அதாவது பக்கத்தின் அமைப்பு மாறும் திரை அகலத்தில். 768 பிக்சலை ஒரு கஸ்டம் ப்ராப்பர்ட்டியில் வைத்து மீடியா குவரி (திரை அகலம் போன்றவற்றைச் சோதிக்கும் சிஎஸ்எஸ் விதி) நிபந்தனைக்குள் அழைத்தால் வேலை செய்யாது. கஸ்டம் ப்ராப்பர்ட்டி ஓர் எலிமென்ட்டின் மேல் உட்காரும் மதிப்பு. மீடியா குவரிக்கு எந்த எலிமென்ட்டும் தெரியாது. பிழைச் செய்தியும் வராது, அந்த விதிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

எனவே பிரேக்பாயின்ட்டுகளை ஒரு ஜேசன் (JSON, தரவை எழுதும் எளிய உரை வடிவம்) கோப்பில் வையுங்கள். பில்டின்போது, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து தளத்தைத் தயாரிக்கும்போது, அதிலிருந்து சாஸ் (Sass, சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் மொழி) மாறிகளும் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலும் உருவாகட்டும். ஸ்டைல் டிக்‌ஷனரி இதற்கென்றே உள்ள கருவி. உருவான கோப்புகளில் யாரும் கைவைக்கக் கூடாது, அடுத்த பில்டில் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஜன்னல் அகலத்தைத் தரும் இன்னர்விட்த்தை (innerWidth) ஒப்பிடாமல், மீடியா குவரியையே சோதித்துச் சொல்லும் மேட்ச்மீடியாவைப் (matchMedia) பயன்படுத்துங்கள்: சிஎஸ்எஸ் மாறும் அதே புள்ளியில் அதுவும் மாறும்.