ஒரு கருத்து எப்படிப் பரவுகிறது? அது நாம் யோசிக்கும் விதத்தையே மாற்றிவிடுமா?

ஒரு கருத்து ஒருவர் மனதிலிருந்து ஆயிரம் பேர் மனதுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது, சேர்ந்த பிறகு அவர்களுடைய யோசனையை என்ன செய்கிறது, சொந்த அனுபவத்திலிருந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையின் மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். இப்போது ஆசிரியை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொல்தான் நினைவுக்கு வந்தது: பேர்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றுதான் சொல்வார்கள். காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் பேர் பதிவார்கள். மாலையில், பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்துத் தராசு காட்டுகிற எடையைப் பார்த்து அது முழுப்பேர் ஆகும், அல்லது அரைப்பேர் ஆகும். மாதக் கடைசியில் "உனக்கு எத்தனை பேர்?" என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இருபது பேர், பதினெட்டரைப் பேர் என்று பதில் வரும். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் திகைத்துப்போவார். எங்களுக்கு அது சோறு, தண்ணீர் மாதிரிச் சாதாரணச் சொல்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஜூலை மாதத்து மழை. மவுசாக்கலைப் பக்கமிருந்து வீசுகிற காற்றில் லயத்துத் தகரக்கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து வாசலில் உதறிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கணுக்காலைச் சுற்றி ஐந்தாறு அட்டைக்கடி. இரத்தம் நிற்காமல் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை விரலால் வழித்து ஒவ்வொரு கடியிலும் அப்பிக்கொண்டே, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்: "இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்."

ஈரக் கொழுந்து என்று தண்ணீருக்கும் சாக்குக்குமாக எடையில் கழித்துவிட்டார்கள். "காலையிலிருந்து முழு நாளும் மழையில் நின்றாயே அம்மா, அது எப்படி அரை ஆகும்?" என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எடை வரவில்லையே பிள்ளை" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. தான் ஏதோ குறை வைத்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்தான் இருந்தது.

எத்தனையோ வருடங்கள் அந்தக் கூச்சத்தைப் பற்றி யோசித்திருக்கிறேன். எடை குறைந்தால் நீ அரை ஆள் என்று யாரும் அம்மாவுக்குப் போதித்ததில்லை. அப்படி ஒரு அறிவித்தல் எந்தப் பலகையிலும் ஒட்டப்பட்டதில்லை. அந்தக் கருத்து ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய அம்மாவின் வாயிலிருந்து அவள் வாய்க்கு வந்தது. தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உச்சரிக்கப்பட்டது. கருத்து என்று தெரிந்திருந்தால்தானே அதை மறுத்துப் பேச முடியும்? அவளுக்கு அது மழையைப் போல, குளிரைப் போல ஒரு நிலைமையாகவே தெரிந்தது.

திரும்பத் திரும்பக் கேட்பது மனதை என்ன செய்யும் என்பதை 1977இல் அமெரிக்காவில் லின் ஹாஷர் என்ற உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் உண்மையும் பொய்யுமான சில கூற்றுகளை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்து, எது எவ்வளவு தூரம் உண்மையாக இருக்கும் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகளை, அவை பொய்யாக இருந்தாலும், மாணவர்கள் முறைக்கு முறை கூடுதலாக நம்பினார்கள். மூன்று முறைக்கே அப்படி என்றால், முப்பது வருடம் கேட்ட என் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் காதில் விழுவதெல்லாம் இப்படி ஒட்டிக்கொள்வதில்லை. இதை நான் என் படிப்பு விஷயத்தில் கண்டேன்.

எங்கள் லயத்தில் முதன்முதலாகச் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்து, அதற்கு மேல் உயர்தரம் படிக்க ஹட்டன் நகரத்துக்கு பஸ் ஏறியவர் கடைசிக் காம்பிராவில், அதாவது கடைசி அறை வீட்டில், இருந்த ஓர் அக்கா. அவரைப் பார்த்து மற்ற வீடுகளும் பெண்பிள்ளைகளை அனுப்பியிருக்க வேண்டும் இல்லையா? அனுப்பவில்லை. "அவள் கெட்டிக்காரி, அவளுடைய தலையெழுத்து அப்படி" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தி போனால் அவள் விதிவிலக்கு. அவளைப் பார்த்து யாரும் தங்கள் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கும் லேசானது இல்லை. பதினாறு வயதுப் பெண் மலைக்குப் போனால் வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வரும். படிக்கப் போனால் அது இல்லாமல் போவதோடு பஸ் காசும் வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து நடு லயத்திலிருந்து ஒரு பெண் போனாள். அடுத்த வருடம் நான். எங்கள் மூவருக்கும் தலையெழுத்து ஒன்றாக இருக்க முடியாது என்று ஊருக்கு அப்போதுதான் தோன்றியது போலும். அதற்குப் பின் வந்த மாற்றத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடம் நிறையும்வரை என் அம்மாவிடம் ஒருத்தி விசாரிப்பாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பிராவில் அந்த அக்காவின் அம்மாவிடம் அவளே மறுபடி விசாரிப்பாள். அங்கேயும் இங்கேயும் ஒரே பதில் கிடைத்தால்தான் வீட்டில் பேச்சை எடுப்பாள். கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்த பிறகு, படித்தால் ஆசிரியை ஆகலாம் என்பது கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாகவும் ஆகிவிட்டது.

பிற்பாடு இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல், செய்திகள் தூரம் போவது நெருங்கியவர்கள் வழியாக அல்ல, அவ்வளவாகப் பழக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகத்தான் என்று காட்டினார். வேலை காலியாக இருக்கிறது என்ற தகவலை நெருங்கிய நண்பனைவிட எப்போதோ சந்திக்கிற ஒருவரே கொண்டுவருகிறார். டேமன் சென்டோலா 2010இல் வெளியிட்ட ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றால் ஒரு வாய் போதாது. ஒருவரையொருவர் அறிந்த வட்டத்துக்குள் பல பக்கமிருந்தும் அதே சொல் வந்து சேரும்போதே ஆட்கள் நகர்கிறார்கள். வதந்திக்கு ஒரு பஸ் பயணி போதும். மகளை மலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் முடிவுக்கு, பீலிக்கரையில் இரண்டு மூன்று அம்மாக்கள் வேண்டியிருந்தார்கள்.

லயம் அதற்கு ஏற்ற இடம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். நல்லதும் கெட்டதும் ஒரே வேகத்தில் பரவும். ஆனால் வெளியிலிருந்து ஒரு கருத்து உள்ளே வருவதுதான் கடினம். பிரித்தானியர் காலத்தில் அன்னியர் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் குற்றம். 1920இல் இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைய புடவை வியாபாரி வேடம் போட வேண்டியிருந்தது. அவர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் செய்ததைத்தான் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் உரிமைப் பாடல்கள் எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். எழுத்துத் தெரியாத பெண் ஒருத்தி துண்டுப்பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வாள்? பாட்டு என்றால் கொழுந்து எடுக்கும்போதும் வாயில் இருக்கும். வேலையை மேற்பார்க்கிற கங்காணிக்கு அதைப் பறிமுதல் செய்யவும் முடியாது.

சொல்லைப் பற்றித் தொடங்கியதால் இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டது. எங்களைக் கேட்கவில்லை. அரசாங்கக் காகிதங்களில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்ததால், அனுப்புவதும் வைத்திருப்பதும் கணக்குப் பிரச்சினை மாதிரியே எல்லோருக்கும் பட்டது. 1960களில் எங்கள் ஆசிரியர்களும் இளைஞர்களும் எழுத்தாளர்களும் 'மலையகம்' என்ற சொல்லை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். கடல் கடந்து வந்தவர்கள் என்பதை மறைக்காமல், இந்த மலைதான் எங்கள் ஊர் என்று அந்தச் சொல் சொன்னது. பள்ளிக்கூடத்து மேடையில் ஒரு மாஸ்டர் அதை உச்சரித்தபோது நான் முதன்முதலாகக் கேட்டேன். மறுவாரம் ஹட்டன் பஸ்ஸில் ஒருவன் என்னைத் 'தோட்டக்காட்டாள்' என்று இளக்காரமாகச் சொன்னான். தலை குனியாமல் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான் முதல்முறை. எனக்குப் பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆனால் எனக்கு வேறொரு பெயர் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

அப்படியானால் நல்ல கருத்து வேகமாகப் பரவினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். 'ஆயிரம் ரூபாய்' என்ற கோரிக்கையை வைத்து யோசிக்கிறேன். நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்பது 2015 அளவில் தொடங்கி ஒவ்வொரு லயத்திலும் ஒலித்தது. 2018 ஒக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். முகநூல் வழியாக ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு போன பிள்ளைகள். கொழும்பில் கடையில் வேலை செய்த என் அண்ணன் மகனும் போயிருந்தான். அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இருந்தாலும் அந்த எண் அவ்வளவு அழகாகப் பரவியதற்குக் காரணமே, அது வாய்க்குள் அடங்குகிற சின்ன எண்ணாக இருந்ததுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவை, சொந்தக் காணி இல்லாததை, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள் என்பதை, ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதை அந்த எண்ணுக்குள் அடைக்க முடியாது. ஐந்தாறு வருடம் எல்லோரும் ஆயிரம் என்ற எண்ணாலேயே யோசித்தோம். நானும்தான். 2021 மார்ச்சில் அரசாங்க வர்த்தமானியில் அது வந்தது. பல தோட்டங்களில் பேருக்கான கிலோவைக் கூட்டினார்கள். எங்கள் லயத்துப் பெண்களில் பலருக்கு ஆயிரமும் வந்தது, அரைப்பேரும் முன்னைவிட அதிகமாக விழுந்தது. கிலோவைப் பற்றிப் பேச எங்களிடம் கோஷம் ஒன்றும் தயாராக இருக்கவில்லை. அரைப்பேர் என்ற சொல்லை நாங்கள் யாரும் தொடவே இல்லை.

அதனால் இப்போது என் வகுப்பில் ஒன்று செய்கிறேன். வீட்டில் தினமும் கேட்கிற, ஆனால் யாரும் அர்த்தம் கேட்காத ஒரு சொல்லைக் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். கொண்டுவருவார்கள். 'பேர்' எப்போதும் வரும். அது எங்கிருந்து வந்தது, யாருக்கு வசதியாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்லலாம் என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவோம். பரீட்சைக்கு உதவாது என்று ஒரு சக ஆசிரியர் குறைப்பட்டார். உதவாதுதான். ஆனாலும் நிறுத்தப் போவதில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பதில் பாதியில் நிற்கும். அம்மாயியின், அதாவது என் அம்மாவைப் பெற்றவளின், அம்மாயி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவள் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. சின்ன வயதில் அதைக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றுவாள். 'பிழைப்புத் தேடி வந்த கதையை ஊருக்குச் சொல்வார்களா?' என்பாள். 2023 ஜூலை 28 அன்று, மலையகத்தாரின் இருநூறு வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. நான் அதன் படங்களை ஒவ்வொரு நாள் இரவும் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். முதல் சில நாள் பேசாமல் பார்த்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காட்டுப்பாதையில் கொடியோடு நடக்கிற இளம்பெண்களைப் பார்த்துவிட்டு, "இவர்கள் செருப்புப் போட்டிருக்கிறார்கள். அவளுக்குச் செருப்பு இல்லை. ஒரு பித்தளைச் செம்பு மட்டும்தான் கையில்" என்று தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் கதவருகே வந்து நின்றாள். அம்மா அவளையும் உட்காரச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொன்னாள்.