கேள்வி – பதில்: ‘கிரேஸ்லேண்ட்’ பெற்ற பாராட்டும் கண்டனமும்

சென்ற இதழில் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ இசைத்தொகுப்பை ஒரே வரியில் பாராட்டியிருந்தேன். அந்த வரி போதாது என்று வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சைமன் – கார்ஃபங்கல் இரட்டையரின் பாடல்களில் ஊறியவன் நான். இரட்டையர் பிரிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு சைமன் ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு உருவாக்கிய தொகுப்புக்கு கிராமி விருதும் கிடைத்தது, கடும் கண்டனமும் கிடைத்தது. ஒரே படைப்புக்கு ஏன் இப்படி இருவேறு வரவேற்பு? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாராட்டியவர்கள் இசையைப் பற்றிப் பேசினார்கள், கண்டித்தவர்களில் பெரும்பாலோர் அந்த இசை எந்த நாட்டில், எந்த ஆட்சியின்கீழ், யாரிடம் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது என்பதைப் பற்றிப் பேசினார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இரு தரப்புக்கும் நியாயம் செய்ய முடியும்.

1970-இல் கார்ஃபங்கலைப் பிரிந்து தனித்துப் பாடத் தொடங்கிய சைமனுக்கு, 1983-இல் வெளிவந்த ‘ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்’ தொகுப்பின் விற்பனை பெரிய ஏமாற்றமாக அமைந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாதிருந்த அந்த நாள்களில், தென்னாப்பிரிக்காவின் கறுப்பினக் குடியிருப்புகளில் புழங்கிய அக்கார்டியன் இசை அடங்கிய ஒலிநாடா ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் இருந்த போயோயோ பாய்ஸ் குழுவின் வாசிப்பு அவரை விடாமல் பற்றிக்கொள்ளவே, 1985 பிப்ரவரியில், இரட்டையர் காலத்திலிருந்தே உடன் பணியாற்றிவந்த ஒலிப்பதிவாளர் ராய் ஹேலீயுடன் ஜோஹன்னஸ்பர்க் சென்றார். கையில் எழுதி முடித்த பாடல் எதையும் கொண்டுபோகவில்லை. அங்கிருந்த குழுக்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, அந்த வாசிப்புகளை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, அவற்றின்மேல் மெட்டையும் சொற்களையும் பின்னர் அமைத்தார்.

இசை என்ற அளவில் இதன் விளைவு வியப்பூட்டுவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. லெசோத்தோ நாட்டு மரபில் வந்த ஃபொரேரே மோட்லொஹெலோவாவின் அக்கார்டியனோடு தொகுப்பு தொடங்குகிறது. பகிதி குமாலோவின் பாஸ் கிட்டார், தாளத்தைத் தாங்கும் வேலையோடு நின்றுவிடாமல், பாடகரோடு உரையாடும் இரண்டாவது குரலாகவே ஒலிக்கிறது. தலைப்புப் பாடலைப் பதிவு செய்யும்போது கிட்டார் கலைஞர் ரே பீரி, தென்னாப்பிரிக்க இசையில் அதிகம் கேட்கப்படாத ஒரு மைனர் கார்டை (சோகச் சாயல் கொண்ட சுரக்கூட்டை) இடையில் வாசித்தார். ஏன் என்று கேட்டபோது, சைமனின் பாடல்களில் வரும் கார்டுகளைப் போல இருக்குமென்று எண்ணி வாசித்ததாகச் சொன்னார். அமெரிக்கர் ஆப்பிரிக்க இசையைத் தேடிப் போன அதே அறையில், ஆப்பிரிக்கக் கலைஞர் ஒருவர் அமெரிக்கப் பாடலை நோக்கி நடந்து வந்திருக்கிறார். ‘ஆப்பிரிக்கத் தாக்கம் பெற்ற தொகுப்பு’ என்று எழுதுகிறவர்கள் இந்த எதிர்த்திசைப் பயணத்தைக் கவனிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

1986 ஆகஸ்டில் வெளிவந்த தொகுப்பு, அடுத்த ஆண்டு கிராமியின் ‘சிறந்த தொகுப்பு’ விருதைப் பெற்றது. ஆயினும் சொற்களைப் பற்றி அப்போதே குறை எழுந்தது. நிறவெறி அரசு 1985-இல் நெருக்கடி நிலையை அறிவித்து, கறுப்பினக் குடியிருப்புகளில் துப்பாக்கிச் சூடுகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த இந்தப் பாடல்களில், மணமுறிவுக்குப் பின் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ‘கிரேஸ்லேண்ட்’ வீட்டைக் காணப் போகும் மனிதனும் நடுவயதுக் குழப்பத்தில் தவிக்கும் நியூயார்க்வாசியுமே பெரும்பாலும் பேசுகிறார்கள். கவிஞனுக்கு இன்ன பொருளில்தான் எழுத வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இசையை வாசித்தவர்களின் வாழ்க்கை அந்தச் சொற்களில் ஏறத்தாழ இல்லை என்று கேட்பவர் உணர்ந்தால், அந்த உணர்வும் நேர்மையான விமரிசனமே.

கேள்வி: சைமன் தடையை மீறினாரா, இல்லையா? தென்னாப்பிரிக்கக் கலைஞர்களே அவரை ஆதரித்தார்கள் என்றும் படித்திருக்கிறேன். (வாசகர், மதுரை)

பதில்: மீறினார் என்றே நான் கருதுகிறேன். 1980 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. தாம் அங்கே மேடையேறவில்லை, ஒலிப்பதிவு மட்டுமே செய்ததாகச் சைமன் விளக்கம் தந்தார். தென்னாப்பிரிக்கக் கேளிக்கை விடுதியான சன் சிட்டியில் பாட வந்த அழைப்புகளை அவர் ஏற்க மறுத்திருந்தார் என்பதும், அங்கிருந்த கறுப்பின இசைக்கலைஞர்களின் சங்கம் வாக்கெடுத்து அவரை வரவேற்றது என்பதும், நியூயார்க் சங்கம் வகுத்த ஊதியத்தைப் போல மும்மடங்கு கொடுத்தார் என்பதும் உண்மைகளே. ஆனால் விடுதலைப் போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எழுப்பிய கேள்வி வேறு: தடையில் விலக்கு வேண்டுமென்றால் அதை எங்களிடம் கேட்டிருக்க வேண்டாமா? புறப்படுமுன் காங்கிரஸிடம் பேசும்படி அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபான்டே அறிவுறுத்தியும் சைமன் அதைச் செய்யவில்லை. அனுமதி கேட்பது கலைஞனின் சுதந்திரத்துக்கு இழுக்கு என்பது அவர் நிலைப்பாடு. எல்லாக் கலைஞர்களும் அவ்வாறே எண்ணியிருந்தால் புறக்கணிப்பு என்ற ஆயுதமே இருந்திருக்காது.

1983-இல் சன் சிட்டியில் பாடியிருந்த அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டை இதே தொகுப்பில் ஒரு பாடலுக்கு அழைத்ததும் கண்டனத்தைக் கூர்மையாக்கியது. 1987-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நிகழ்ச்சிகள் நடந்தபோது மறியல் நடந்தது. ஜெர்ரி டாமர்ஸ், பில்லி பிராக், பால் வெல்லர் ஆகிய பிரிட்டிஷ் பாடகர்கள் சைமன் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வலியுறுத்தினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனின் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் அவரை நேருக்கு நேர் குற்றம் சாட்டினார்கள்.

இனி மறுபக்கம். நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்கள் ஹ்யூ மசெகெலாவும் மிரியம் மகேபாவும் அந்த மேடைகளிலேயே சைமனோடு நின்று பாடினார்கள். தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட நாடு திரும்ப அனுமதிக்கப்படாத மகேபாவைப் பார்த்து, விடுதலையில் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. புறக்கணிப்பு, தென்னாப்பிரிக்க அரசைத் தனிமைப்படுத்திய அதே வேளையில் அந்நாட்டுக் கறுப்பினக் கலைஞர்களையும் உலகிடமிருந்து மறைத்துவிட்டது என்பது ரே பீரி போன்றவர்களின் மனக்குறை. இரண்டு தரப்பிலும் பாதிக்கப்பட்டவர்களே நின்று பேசியதால்தான் இந்த விவாதத்துக்கு எளிய தீர்ப்பு கிடைக்கவில்லை. தடை விலக்கப்பட்டபின், 1992 ஜனவரியில் மண்டேலாவின் வரவேற்போடு சைமன் ஜோஹன்னஸ்பர்க்கில் பாடினார். அப்போதும் எதிர்ப்பு முற்றிலும் ஓயவில்லை.

கேள்வி: பிறர் இசையை எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு சரியா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முழுதும் சரியன்று, முழுதும் பொய்யுமன்று. பிறர் வாசித்து முடித்த இசையின்மேல் சொல் எழுதும் முறை சைமனுக்கு இரட்டையர் காலத்திலேயே பழக்கமானது. 1970-இல் வந்த ‘எல் கோண்டோர் பாஸா’, தென்னமெரிக்க நாட்டார் இசையை வாசித்த லாஸ் இன்காஸ் குழுவின் பழைய ஒலிப்பதிவின்மேல் ஆங்கிலச் சொற்களை ஏற்றிப் பாடியதுதான். அது பழைய நாட்டார் மெட்டு என்று சைமன் நம்பியிருந்தார். உண்மையில் அது பெரு நாட்டு இசையமைப்பாளர் டேனியல் அலோமியா ரோப்லஸ் 1913-இல் மேடை நாடகத்துக்காக அமைத்தது. அவருடைய மகன் வழக்குத் தொடுத்து உரிமையை நிலைநாட்டினார்.

‘கிரேஸ்லேண்ட்’ அந்த அனுபவத்துக்குப் பிந்தையது. அதில் மோட்லொஹெலோவா, ஜெனரல் ஷிரிண்டா, ஜோசஃப் ஷபலாலா ஆகிய ஆப்பிரிக்கக் கலைஞர்கள் இணை ஆசிரியர்களாக முறைப்படி குறிக்கப்பட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க இசை வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. 1939-இல் ‘ம்புபே’ பாடலைப் பதிவு செய்த சாலமன் லிண்டாவுக்கு அன்று கிடைத்தது சில ஷில்லிங்குகளே. உலகமெங்கும் ஒலித்து பெரும்பணம் ஈட்டிய அந்தப் பாடலுக்காக அவர் குடும்பத்தினர் நியாயம் பெற்றது 2006-இல். அந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் சைமன் நடந்துகொண்ட விதம் மேலானது.

எனினும் தொகுப்பின் இறுதிப் பாடலில் வாசித்த அமெரிக்கக் குழுவான லாஸ் லோபோஸ், அந்தப் பாடலுக்குத் தாங்களும் ஆசிரியர்கள் என்றும் பெயர் தரப்படவில்லை என்றும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். தலைப்புப் பாடலிலும், மிகுந்த புகழ்பெற்ற ‘யூ கேன் கால் மீ ஆல்’ பாடலிலும் ஆசிரியராக இருப்பது சைமன் பெயர் மட்டுமே. மெட்டும் சொல்லும் அமைப்பவரே ஆசிரியர் என்பது அமெரிக்கப் பாடல்தொழிலின் பழைய கணக்கு. வாசிப்பே முதலில் பிறந்து, மெட்டு அதிலிருந்து முளைத்த ஒரு தொகுப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து. பீரியும் குமாலோவும் கூலிக்கு வாசித்தவர்களாக மட்டும் ஏட்டில் நிற்கக் கூடாது.

கேள்வி: கறுப்பரும் வெள்ளையரும் சமமாக நின்று பாடிய இரட்டையர் யாராவது தென்னாப்பிரிக்காவிலேயே இருந்தார்களா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இருந்தார்கள். ஜானி கிளெக், சிபோ ம்சுனு ஆகிய இருவரும் 1970-களில் இரட்டையராகத் தொடங்கிப் பின்னர் ‘ஜுலூகா’ என்ற குழுவாக வளர்ந்தார்கள். ம்சுனு தோட்ட வேலைக்காக நகருக்கு வந்த ஜூலு என்னும் கறுப்பினத்து இளைஞர். கிளெக், தெருவோரம் வாசித்த தொழிலாளர்களிடம் ஜூலு கிட்டாரைப் பயின்ற வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக மேடையேறுவதற்கே சட்டத்தின் தொல்லை இருந்த நாட்டில், 1979-இல் ‘யுனிவர்சல் மென்’ தொகுப்பை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனி நிலையம் வைத்திருந்த அரசு வானொலி, ஆங்கிலமும் ஜூலுவும் கலந்த பாடல்களுக்கு இடம் தரவில்லை. சைமனுக்கு ஜோஹன்னஸ்பர்க் குழுக்களை அறிமுகப்படுத்திய தயாரிப்பாளர் ஹில்டன் ரோசென்தால் இவர்களோடு பணியாற்றியவர்தான்.

சைமன் ஜோஹன்னஸ்பர்க் சென்ற அதே 1985-இல் ம்சுனு இசையை விட்டுத் தம் ஊருக்கே திரும்பியதால் ஜுலூகா கலைந்தது. கிளெக் அடுத்து அமைத்த குழுவோடு, சிறையிலிருந்த மண்டேலாவைப் பற்றி 1987-இல் பாடினார். புறக்கணிப்பு அவரையும் விடவில்லை: தென்னாப்பிரிக்காவில் தொடர்ந்து பாடுகிறவர் என்ற காரணத்தால் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அவரை ஒதுக்கியது. ‘யுனிவர்சல் மென்’ தொகுப்பை முதலில் கேளுங்கள். பிறகு ‘கிரேஸ்லேண்ட்’ கேளுங்கள். எந்தப் பாடலில் யாருடைய குரல் யாருக்கு வழிவிடுகிறது என்பதைக் கவனித்து எழுதியனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.